43-க்கு 2

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்துவிட்டால் பிளஸ் டூ வகுப்புகளில் புதிதாக நடத்த எதுவும் இருக்காது. போர்ஷன் முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றால் பொதுத்தேர்வு வரை எல்லாம் திருப்புதல்தான். முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, நடுவில் தினமும் காலையில் ஒரு மார்க் டெஸ்ட், மாலையில் சிறப்பு வகுப்பு. உயிரியல் ஆசிரியனாக இந்த மாதங்களைப் பல தலைமுறைப் பிள்ளைகளோடு கழித்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. திருப்புதல் என்ற பெயரில் பிள்ளைகள் மறந்ததை நினைவுபடுத்துகிறோம். தப்பாகப் புரிந்துகொண்டதைத் தொடுவதே இல்லை. மறந்துபோனது விடைத்தாளில் வெற்றிடமாகக் கிடக்கும், உடனே கண்ணில் படும். தப்பாகப் புரிந்துகொண்டது நல்ல கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, பல நேரம் முழு மார்க்கையும் வாங்கிக்கொண்டு போய்விடும். மரபியல், பரிணாமம், சூழலியல் ஆகிய மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே பிழையின் மூன்று முகங்கள். பாடம் பாடமாகத் திருப்பிக்கொண்டிருக்கும் வரை அது சரியாகாது.

கூட்டத்தைப் பற்றிச் சொன்ன செய்தியைத் தனி உயிரின் தலையில் ஏற்றிவிடுவதுதான் அந்தப் பிழை. மரபியலில், மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்த கணக்காக அது மாற்றிவிடுகிறது. பரிணாமத்தில், ஒட்டகச்சிவிங்கிக்கு உயரத்துக் கிளை தேவைப்பட்டதால் கழுத்து நீண்டது என்று எழுத வைக்கிறது. லாமார்க் சொன்னது ஏன் ஏற்கப்படவில்லை என்பதை அதே மாணவர் முந்தைய பக்கத்தில்தான் பிழையில்லாமல் எழுதியிருப்பார். சூழலியலில், ஓர் இனம் அழிவதை ஒவ்வோர் உயிராகச் செத்து முடிகிற கதையாகப் பார்க்க வைக்கிறது. எத்தனை பிறக்கின்றன, எந்த வயதில் இனப்பெருக்கம் செய்கின்றன என்ற கணக்கு அதில் வருவதே இல்லை. மூன்று பாடத்தில் மூன்று விதமாகத் தலைகாட்டுவதால் மூன்று தனித் தவறுகளாக எண்ணி மூன்று இடத்தில் திருத்துகிறோம். சிவப்பு மைதான் செலவாகிறது.

மெண்டலின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1866-இல் அச்சான அவருடைய பட்டாணிக் கட்டுரையில், விதையின் வடிவத்தைப் பற்றிய சோதனையில் இரண்டாம் தலைமுறை விதைகள் மொத்தம் 7,324. உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. வகுத்தால் 2.96-க்கு 1. நம் கைடுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. மெண்டல் நிற்கவில்லை. செடி செடியாகவும் எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறார். ஒரு செடியில் 45-க்கு 12, அடுத்ததில் 27-க்கு 8, இன்னொன்றில் 19-க்கு 10. அதோடு விடாமல், தாம் கண்டதிலேயே கோணலான எண்களையும் மறைக்காமல் தருகிறார்: ஒரு செடியில் உருண்டை 43, சுருங்கியது வெறும் 2, வேறொரு செடியில் உருண்டை 14, சுருங்கியது 15. அப்படி ஒரு செடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த விதியையும் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. புன்னட் கட்டத்தின் நான்கு அறைகளை நான்கு பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவரிடம் 43-க்கு 2 என்ற எண்ணைக் காட்டி, இந்தச் செடி விதியை மீறிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பத்து முறை வாசித்தும் அசையாத ஒன்று அந்தக் கேள்வியில் அசையும்.

அதையே மனிதக் குடும்பத்துக்குக் கொண்டுவரலாம். தாய், தந்தை இருவரும் தலசீமியாவைச் சுமப்பவர்கள், நான்கு பிள்ளைகள். சரியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 256-இல் 108, அதாவது ஏறக்குறைய 42 விழுக்காடு. பாதிக் குடும்பங்களில்கூட 'நாலில் ஒன்று' சரியாக அமைவதில்லை. நான்கு பேரில் ஒருவருக்கும் நோய் இல்லாத வாய்ப்பு 256-இல் 81, கிட்டத்தட்ட 32 விழுக்காடு. இந்தக் கணக்குக்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். இதைப் போட்டுப் பார்க்காத பிள்ளைதான், முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று நம்பிக்கையோடு எழுதுகிறது. பெற்றோர் பலரும் அப்படியே நம்புகிறார்கள் என்பதால் இதை வெறும் மார்க் விவகாரமாக ஒதுக்க முடியாது.

ஓங்கு பண்பு என்றால் ஊரில் அதிகம் பேரிடம் காணப்படும் பண்பு என்ற எண்ணமும் இதே பிழையிலிருந்து வருவதுதான். ஓங்குதன்மை என்பது ஓர் உயிருக்குள், இரண்டு அல்லீல்கள் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பதைச் சொல்லும் செய்தி. ஊரில் எத்தனை பேரிடம் எந்த அல்லீல் இருக்கிறது என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனாலும் நம் ஊர்களில் அதுதான் அதிகம் பேருக்கு. ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. ஆறு விரல்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் குழப்பத்துக்காகப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. 1908-இல் இங்கிலாந்தின் அறிவியல் வட்டாரத்திலேயே இது பேசப்பட்டது: குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால் காலப்போக்கில் நாலில் மூன்று பேருக்குக் குட்டை விரல் வந்திருக்க வேண்டாமா? புன்னட் அந்தக் கேள்வியைத் தம் கிரிக்கெட் தோழரும் கணித அறிஞருமான ஹார்டியிடம் கொண்டுபோனார். பிற்பாடு ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். அவர் ஒரு சிறு கடிதத்தில் கணக்கை முடித்துவிட்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் வெய்ன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். நம் பிள்ளைகளுக்கு ஹார்டி-வெய்ன்பெர்க் சமன்பாடு பரிணாமப் பாடத்தின் கடைசியில் மனப்பாடத்துக்கான ஒரு வரியாக வருகிறது. அது எந்தத் தவறைத் திருத்துவதற்காகப் பிறந்ததோ அந்தத் தவறு மரபியல் பாடத்தில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே பீரியடில் யாரும் வைத்துப் பார்ப்பதில்லை.

வைத்துப் பார்த்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. நூறு பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் ஒடுங்கு நோய். அப்படியானால் அந்த அல்லீலின் அலைவெண் 0.1. நோயில்லாமல் சுமப்பவர்கள் 2 × 0.9 × 0.1, அதாவது 0.18, நூறில் 18 பேர். நூறு பேரிடம் மொத்தம் 200 அல்லீல்கள். அவற்றில் நோய் அல்லீல் 20. நோயாளியிடம் இருப்பவை 2, நலமாக நடமாடுபவர்களிடம் இருப்பவை 18. நோயாளிக்கு வாரிசே இல்லாமல் போனாலும் இயற்கைத் தேர்வின் கைக்கு எட்டுவது பத்தில் ஒரு பங்கு மட்டும். தீங்கான அல்லீல் ஏன் இன்னும் ஒழியவில்லை என்ற பரிணாமக் கேள்விக்கு விடை இங்கே, மரபியல் கணக்கில் இருக்கிறது. நோயாளிகளைக் கருத்தடை செய்து நாட்டைச் சுத்தப்படுத்தலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சட்டம் போட்ட நாடுகள் இந்த நான்கு வரிக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பிஸ்டன் பெட்டுலேரியா அந்துப்பூச்சி எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. புகை படிந்த மரத்தில் கறுப்புப் பூச்சி தப்பியது, வெள்ளைப் பூச்சியைப் பறவை தின்றது, மூன்று மார்க். ஆனால் 'புகையால் பூச்சி கறுத்தது' என்று எழுதுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இதைத் திருத்தப் பரிணாமப் பாடத்தை மறுபடி வாசிக்கச் சொல்வதால் பயனில்லை, ஏனென்றால் விடுபட்ட கண்ணி மரபியலில் இருக்கிறது. கறுப்பு நிறம் ஓங்கு அல்லீலால் வருவது. 1848-இல் மான்செஸ்டரில் ஒரு கறுப்புப் பூச்சி பதிவானது. 1895 வாக்கில் அந்த வட்டாரத்தில் 98 விழுக்காடு கறுப்பு. ஒவ்வொரு பூச்சியும் பிறந்த நிறத்தோடுதான் செத்தது. மாறியது கூட்டத்தில் அல்லீலின் அலைவெண். பிரிட்டனில் 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து, புகை குறைந்து, மரங்களில் மறுபடி லைக்கன் படர்ந்தபோது கறுப்பு சரியத் தொடங்கியது. இன்று அங்கே கறுப்புப் பூச்சி அரிது. ஓங்கு அல்லீலாக இருந்தும் அரிதாகிவிட்டது என்பதைப் பிள்ளைகள் கவனித்தால் மரபியலில் இருந்த தவறும் அங்கேயே தீரும். அந்தக் கறுப்பு ஒரு தாவும் டி.என்.ஏ. துண்டு கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் நுழைந்ததால் வந்தது என்பது 2016-இல் தெரிந்தது. பறவைகள் இந்தப் பூச்சிகளைத் தின்பதைப் பற்றி கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் 1950-களில் செய்த சோதனைகள் மேல் பின்னாளில் சந்தேகம் கிளம்பியது உண்மை. மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் இன்னும் கவனமாகச் செய்து பார்த்தார். பறவைகள் தின்பதுதான் காரணம் என்பது நின்றது. ஒரு பூச்சியில் மரபியல், பரிணாமம், சூழலியல் மூன்றும் இருக்கின்றன. நாமோ அதை ஒரே பாடத்தின் பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

சூழலியலின் நிலை இன்னும் மோசம். இரண்டு நூல்களிலும் பின்பக்கத்தில் கிடப்பதால் டிசம்பரில் ஓட்டமாக ஓட்டி முடிக்கும் அலகு அதுதான். உணவுச் சங்கிலி, பத்து விழுக்காடு விதி, பிரமிடு படங்கள், காப்பிடங்களின் பட்டியல். பாறுக் கழுகைப் பற்றிக் கேட்டால், மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் அழிந்தது என்று சரியாகவே எழுதுவார்கள். இந்தியாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. மருந்துதான் காரணம் என்ற ஆய்வு 2004-இல் வந்தது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இவ்வளவும் தகவல். இதன் பக்கத்தில் ஒரு கேள்வியை வைக்க வேண்டும்: டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்கள் பெருகின, டைக்ளோஃபினாக்கைத் தாங்கும் பாறு ஏன் பெருகவில்லை? பெரும்பாலான பிள்ளைகள் முதலில் எழுதும் விடை, கொசு பழகிக்கொண்டது, கழுகால் பழக முடியவில்லை என்பது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து இங்கே வந்து நீள்கிறது. கொசு நூற்றுக்கு மேல் முட்டையிடுகிறது, இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருப்பதால் மருந்தைத் தாங்கும் சடுதிமாற்றம் எங்கோ ஒன்றில் ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு அதிகம். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு இனப்பெருக்க வயதை எட்ட ஐந்து ஆண்டு ஆகும். அதற்கு மேல் ஒரு மாட்டுப் பிணத்தைப் பல பறவைகள் கூடித் தின்கின்றன, ஒவ்வொரு பறவையும் ஆண்டு முழுவதும் பல பிணங்களில் தின்கிறது. அதனால் நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே கூட்டம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். இப்படி ஒரு விடை எழுத மூன்று அலகும் தேவை. மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல் என்பது உயிரி தாவரவியல், உயிரி விலங்கியல் என இரண்டு நூல். தாவரவியல் ஆசிரியர் ஒருவர், விலங்கியல் ஆசிரியர் ஒருவர். மெண்டலின் பட்டாணி ஒரு நூலில். மனித மரபியலும் பரிணாமமும் இன்னொரு நூலில். சூழலியல் இரண்டிலும் பாதிப் பாதி. வினாத்தாளிலும் 35, 35 என்று தனிப் பகுதிகள். பழைய 1200 மார்க் காலத்தில் ப்ளூபிரிண்ட் கையில் இருந்தது. எந்தப் பாடத்தில் பத்து மார்க் வரும், எதை விட்டுவிடலாம் என்று பார்த்துத்தான் திருப்புதல் நடக்கும். பரிணாமத்தை முழுசாக விட்டுவிட்டு சென்டம் வாங்கப் பார்த்த காலம் அது. புதிய பாடத்திட்டத்தோடு ப்ளூபிரிண்ட் போய், புத்தகத்தின் உள்ளிருந்து கேட்பார்கள் என்ற பயம் வந்தது. அது நல்ல பயம்தான். பிறகு நீட். 720 மார்க்கில் 360 உயிரியல். அது பிள்ளைகளை வரி வரியாகப் படிக்க வைத்தது, அதே வேகத்தில் வரிகளைத் தனித்தனியாக உதிர்த்தும் விட்டது. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது நாடெங்கும் அறிவியலாளர்கள் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம். அதே நேரம், பாடம் நூலில் இருந்தும் மரபியலோடு ஒட்டாமல் கிடந்தால் பிள்ளைகள் மனசில் அது பாதிதான் இருக்கிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் மறுப்புகளை நான் அறிவேன். கேள்வி பாடவாரியாகத்தானே வருகிறது, இணைத்துத் திருப்பி என்ன பயன் என்பது முதல் மறுப்பு. கேள்வி பாடவாரியாக வரலாம், பிள்ளை மார்க்கைக் கோட்டை விடும் இடம் பாடவாரியாக இல்லை. கூற்று, காரணம் வகைக் கேள்விகளில் இரண்டு வரியும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். ஒன்று மற்றொன்றின் விளக்கமா என்பதுதான் கேள்வி. பாடநூலை வரி வரியாக ஒப்பித்தவர் தடுமாறுவது அங்கேதான். இரண்டாவது மறுப்பு, நேரம் எங்கே இருக்கிறது என்பது. கூடுதல் நேரம் யாரும் கேட்கவில்லை. மூன்றாவது முறையாக அதே புக் பேக் கேள்விகளை ஓட்டும் பீரியடைத்தான் கேட்கிறேன். முதல் முறை திருப்பும்போது பிள்ளைக்குக் கிடைப்பது அதிகம், மூன்றாவது முறையில் கிடைப்பது தெரிந்ததைத் தெரிந்தது என்று உறுதி செய்யும் திருப்தி மட்டும். மூன்றாவது மறுப்பில் நியாயம் அதிகம்: மெல்லக் கற்கும் பிள்ளைகள் இதில் குழம்பிப் போவார்கள். தேர்ச்சி பெறவே போராடும் பிள்ளைக்கு ஜனவரியில் படம் வரைவதும் புக் பேக்கும்தான் முதல் தேவை. அதை மறுக்க மாட்டேன். அல்லீல், குன்றல் பகுப்பு, இனக்கூட்டம் என்ற சொற்கள் நாவில் நிற்காத பிள்ளையிடம் இணைத்துப் பார்க்கச் சொல்வது கொடுமை. மனப்பாடத்தை இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 43-க்கு 2 என்ற எண்ணும் ஆறு விரலும் பாறும், குழம்பும் என்று நாம் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளைத்தான் முதலில் பேச வைக்கின்றன. குழப்பம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இந்தக் கேள்விகள் அதை வெளியே கொண்டுவருகின்றன. கடைசியாக, நூலின் வரிசை காரணத்தோடு அமைந்தது, அதைக் கலைக்கலாமா என்பார்கள். முதல் முறை நடத்த அந்த வரிசை சரி. எல்லாம் நடத்தி முடித்த பிறகும் அதே வரிசையில் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு கதிர் அரிவாள் இரத்தசோகை. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இது இருப்பது 1952-இல் பதிவானது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் மலை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்து உட்காருகிறது. இது மூலக்கூறு மரபியல். சுமக்கும் இருவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், இது மெண்டல். ஒரு நகல் மட்டும் இருப்பவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று அலிசன் என்ற ஆய்வாளர் 1954-இல் ஆப்பிரிக்க ஆய்விலிருந்து காட்டினார். இது இயற்கைத் தேர்வு. கொசு, தேங்கிய நீர், காடு, இது சூழலியல். மலேரியா ஒரு வட்டாரத்தை விட்டுப் போய்விட்டால் அந்த அல்லீலின் அலைவெண் என்ன ஆகும், ஏன் ஒரே தலைமுறையில் போய்விடாது என்று கேளுங்கள். 18-க்கு 2 என்ற கணக்கை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை விடை சொல்லிவிடும். 2047-க்குள் இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் ஏன் பரிசோதித்து அட்டை கொடுக்கிறது என்பதையும் அதே பிள்ளை விளக்கும்.

இந்த ஆண்டு திருப்புதல் அட்டவணை போடும்போது மரபியலுக்கு இத்தனை நாள், பரிணாமத்துக்கு இத்தனை நாள் என்று ஒதுக்கியதிலிருந்து இரண்டு பீரியடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் அந்த இரண்டு பீரியடும் ஒரே வகுப்பில் நில்லுங்கள். கரும்பலகையில் நீலகிரி, பாறு, பட்டாணி மூன்றில் ஒன்றை எழுதுங்கள். கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும்.